போணிக்கு வந்தவர்கள்

திரையில் இருந்த அந்த மஞ்சள் கடைக்காரருக்குத் தலைப்பாகை உண்டு, முறுக்கிய மீசை உண்டு, தோளில் ஒரு துண்டும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் அவரிடம் எண்ணூறு மூட்டை மஞ்சள் விற்றேன். முதல் மூட்டைக்கு என்ன விலை கொடுத்தாரோ அதையேதான் எண்ணூறாவது மூட்டைக்கும் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் தலையை ஒரே பக்கமாகச் சாய்த்து, "நல்ல சரக்கு" என்றார். நான் ஈரோட்டு மஞ்சள் கிடங்குகளில் நான்கு வருடம் மூட்டை தூக்கியவன். எண்ணூறு மூட்டை எவ்வளவு இடத்தை அடைக்கும் என்பது என் முதுகுக்குத் தெரியும். பத்துக்குப் பத்துக் கடையில் உட்கார்ந்துகொண்டு இந்த மனிதர் அதையெல்லாம் எங்கே அடுக்குகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலை வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்த பெண்மணி நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். அந்தக் கடைக்காரரைக் கணினியில் எழுதி உருவாக்கியவரே அவர்தான்.

அலுவலகத்தில் எல்லோரும் அவரை மேடம் என்று அழைத்தோம். இங்கேயும் அப்படியே சொல்லிவிடுகிறேன். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். சூலூர்க்காரர். நான் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். டிப்ளமாவை இரண்டாம் வருடத்தில் விட்டவன் நான். விசைத்தறி, திருப்பூரில் பனியன் கம்பெனி, ஒன்றரை வருடம் லாரி, அப்புறம் மஞ்சள் மூட்டை என்று எதிலும் நிலைக்காமல் சுற்றினேன். ஒரு நாள் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து இடது பாதத்தில் விழுந்தன. இரண்டு எலும்பு உடைந்தது. பாரம் தூக்கக் கூடாது என்றார்கள். கோவையில் என்னோடு அறையில் தங்கியிருந்த நண்பன், உட்கார்ந்த இடத்தில் விளையாடிக்கொண்டே இருந்தால் சம்பளம் தரும் ஒரு கம்பெனி இருப்பதாகச் சொன்னான். விளையாட்டில் எங்கே தப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சரவணம்பட்டி போகிற வழியில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடி. கட்டுப் போட்ட காலோடு அந்தப் படிகளை ஏறினேன்.

விளையாட்டு இதுதான். ஏழு ஊர்கள். ஆட வருகிறவருக்கு ஒரு மாட்டு வண்டியும் கொஞ்சம் காசும் கிடைக்கும். ஓர் ஊரில் சரக்கு வாங்கி இன்னோர் ஊரில் விற்க வேண்டும். வழியில் கொள்ளைக்காரர்கள் வருவார்கள், மழை வரும், அச்சு முறியும். எங்கெங்கோ இருந்து பல ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் இணையத்தில் ஆடுவார்கள். ஆனால் கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் மனிதர்கள் இல்லை. எல்லாக் கடைக்காரர்களையும் கணினிதான் நடத்தியது. அவர்களுடைய விலை எந்நாளும் மாறாது. உப்பை மேற்கே வாங்கிக் கிழக்கே விற்றால் லாபம் என்று ஒருவன் கண்டுபிடித்துவிட்டால், அவன் ஆயுள் முழுக்க அதையே செய்துகொண்டிருக்கலாம். அப்படித்தான் செய்தார்கள். செய்து அலுத்துப் போய், ஆட்டத்தை விட்டுக் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி மில் குடும்பத்துக்காரர். அந்தக் குடும்பத்தில் நூலை விட்டுக் கணினிக்கு வந்த முதல் ஆள். நான் சேர்ந்த இரண்டாவது வாரம் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். "மூணு மாசமுங்க. அதுக்குள்ள கடைக்காரங்களுக்கு உசுரு வரோணும். வந்துச்சுன்னா நம்ம எல்லாருக்கும் சோறு. வரலைன்னா நான் யாரையும் கட்டி வெச்சுக்க முடியாதுங்க." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மேடத்தைப் பார்த்தார். பெங்களூரில் கிடைத்த பெரிய வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு வருடமாக இந்த ஏழு ஊர்களோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தவர் அவர். வீட்டில் தினமும் அதற்கு ஏச்சு வாங்கினார் என்பது அவர் போனில் பேசுவதிலிருந்தே தெரியும். "இல்லம்மா, பொம்மை வெளையாட்டு இல்ல இது" என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்வார்.

அவர் முதலில் செய்தது படித்தவர்கள் செய்கிற காரியம். சரக்கு நிறைய இருந்தால் விலை இறங்கும், குறைந்தால் ஏறும் என்று ஒரு கணக்கை எழுதிப் போட்டார். ஒரு வாரத்தில் ஏழு ஊரிலும் எல்லாப் பொருளும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வந்துவிட்டது. விலை வித்தியாசம் இல்லாவிட்டால் யார் வண்டி கட்டுவார்கள்? ஆட்டக்காரர்கள் ஊர் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு ஊர்க்கதை பேசினார்கள். மேடம் மேசைமேல் தலையை வைத்துப் படுத்துவிட்டார். எனக்கு என்னவோ வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், ஈரோட்டுல ஒரே மஞ்சளுக்கு எட்டு வியாபாரி எட்டு வெலை எழுதுவாங்க. இங்க எட்டுப் பேரும் ஒரே ஆளா இருக்கறாங்க" என்றேன். அவர் தலையைத் தூக்காமலே, "அப்பக் காட்டுங்கண்ணா" என்றார்.

மறு வாரம் ஈரோட்டுக்கு அழைத்துப் போனேன். மஞ்சள் ஏலம் நடக்கிற இடத்தில் தட்டுத் தட்டாக மாதிரி வைத்திருப்பார்கள். வியாபாரிகள் ஒரு விரலி மஞ்சளை எடுத்து ஒடிப்பார்கள், ஒடிகிற சத்தத்தைக் கேட்பார்கள், உள்ளே நிறம் பார்ப்பார்கள், சீட்டில் விலை எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மேடம் மஞ்சளைப் பார்க்கவில்லை, ஆட்களையே பார்த்தார். ஒருவர் பக்கத்தில் நிற்பவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். ஒருவர் போனில் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டே எழுதினார். எனக்குத் தெரிந்த பழைய வியாபாரி ஒருவர் எதையும் ஒடிக்காமல் எழுதிப் போட்டார். மேடம் அவரிடம் போய் ஏன் என்று கேட்டார். "இந்த மூட்டைக்காரரு வருசா வருசம் எனக்குத்தானுங்க குடுக்கறாரு. அவரு மஞ்சளை நான் ஒடிச்சுப் பாத்தா அவரு மொகம் சுருங்கிப் போயிருமுங்க அம்மணி" என்றார். மேடம் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

போணி சங்கதி நடந்தது அதற்கப்புறம். ஏலம் முடிந்து, அப்போதுதான் திறந்திருந்த, கைப்பைகள் விற்கிற ஒரு கடையில் மேடம் தம் அம்மாவுக்கு ஒரு பையை எடுத்துப் பார்த்தார். விலை கேட்டார், அதிகம் என்று வைத்துவிட்டுத் திரும்பினார். கடைக்காரர் பதறிப் போனார். "ஏனுங்க, மொதப் போணிக்கு வந்துபோட்டு வெறுங்கையோட போனா எப்படிங்க? உங்க வெலையச் சொல்லுங்க." மேடம் சும்மா வேடிக்கைக்குப் பாதி விலை சொன்னார். அவர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்து, பையை மடித்துக் கொடுத்துவிட்டார். அந்தக் காசைக் கண்ணில் ஒற்றி, சாமி படத்துக்குக் காட்டி, கல்லாவில் போட்டார். அன்றைக்கு முதலில் வந்தவர் வாங்காமல் போனால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்பது எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களின் நம்பிக்கை. மேடத்துக்கும் அது தெரியாததல்ல. ஆனால் திரும்பி வரும்போது பேருந்தில், "இதை நம்ம கடைக்காரங்களுக்கும் வெச்சுருங்க மேடம்" என்று சொன்னவன் நான்தான்.

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "யாராச்சும் இதையே தொழிலா வெச்சுக்கிட்டு, கடை தொறக்கறப்பவெல்லாம் வந்து நின்னா என்னுங்கண்ணா பண்றது?"

"யாருங்க நிப்பாங்க? போணிக்கு வந்து ஏமாத்தறவன் வெளங்குவானுங்களா?"

மேடம் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் பாதி சம்மதம் இருந்தது. சொல்லும்போது நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னேன். அவரும் எங்கேயோ ஓரத்தில் நம்பியிருக்க வேண்டும். பெருந்துறையிலிருந்து சூலூர் வரை உள்ள யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். எங்களுடைய தப்பு அதில்தான் இருந்தது. அந்த விளையாட்டை ஆடியவர்களில் பாதிப் பேர் போணி என்ற சொல்லையே கேட்டிராதவர்கள்.

அடுத்த இரண்டரை மாதம் அவர் செய்த வேலையை என்னால் விவரிக்க முடியும், ஆனால் எப்படிச் செய்தார் என்று கேட்டால் தெரியாது. கடைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு குணம் வந்தது. ஒருவர் பயந்தவர், விலை கொஞ்சம் இறங்கினாலே இருப்பதையெல்லாம் தள்ளிவிடுவார். ஒருவர் பேராசைக்காரர், பூட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பார். விலை பற்றிய சேதி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு வண்டி போகிற வேகத்தில்தான் போகும். அதனால் கிழக்கே மழை பெய்து உப்பு கரைந்துவிட்டது என்பது மேற்கே இருப்பவருக்கு நான்கு நாள் கழித்துத்தான் தெரியும். அந்த நான்கு நாள் இடைவெளியில் வண்டி ஓட்டுகிறவனுக்கு வாழ்வு. கடைக்காரர்களே சொந்த வண்டி அனுப்பிச் சரக்கு எடுத்தார்கள். இதை வெளியிட்ட முதல் இரண்டு வாரம் அலுவலகமே கல்யாண வீடு மாதிரி இருந்தது. மூன்றாவது ஊர் மளிகைக்காரரைத் திட்டி ஆட்டக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். "அந்தாளுக்கு நெஞ்சுல ஈரமே இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்ததை மேடம் சத்தமாகப் படித்துக் காட்டினார். நிஜ மனிதனைத் திட்டுகிற மாதிரி ஒரு கணக்கைத் திட்டுகிறார்கள் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பூரிப்பு. கீழே பேக்கரியிலிருந்து எல்லோருக்கும் தேங்காய் பன் வரவழைத்தார்.

மூன்றாவது வாரம் கடைகள் காலியாகத் தொடங்கின.

விளையாட்டில் ஒரு நாள் என்பது நம் கணக்குக்கு நாற்பது நிமிடம். நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை கடை திறக்கும். திறந்ததும் வருகிற முதல் ஆளைக் கடைக்காரர் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். பாதி விலை வரைக்கும் இறங்கிவிடுவார். ஒரு பைக்கு இருக்கிற நியாயம் அது. இங்கே முதல் ஆள் எத்தனை மூட்டை கேட்டாலும் அதே நியாயம் என்று வைத்திருந்தோம். ஒரு சிலர் இதை மோப்பம் பிடித்துவிட்டார்கள். அவர்கள் வந்து நிற்கக்கூட இல்லை. தங்களுக்குப் பதிலாகத் தானே ஆடுகிற ஒரு கணினி நிரலை எழுதி விட்டார்கள். கடை திறக்கிற அந்த நொடியில், ஏழு ஊரிலும், அந்த நிரல்தான் போணிக்கு நிற்கும். பாதி விலைக்கு மொத்தச் சரக்கையும் அள்ளும், பக்கத்து ஊரில் முழு விலைக்குப் போடும். பயந்தவரும் பேராசைக்காரரும் ஒருவர் பின் ஒருவராக நொடித்துப் போனார்கள். ஒழுங்காக வண்டி ஓட்டி வந்தவர்கள் காலிக் கடை முன்னால் நின்று எங்களைத் திட்டினார்கள். அதில் ஒருவர் எழுதியது இன்னும் ஞாபகம் இருக்கிறது: பழைய கடைக்காரன் முட்டாள், ஆனால் கடையில் சரக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முதலாளி எங்களைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். படம் வரைகிற ஓவியர், மேடம், நான், என்னைப் போலவே ஆடித் தப்புக் கண்டுபிடிக்கிற இன்னொருவர். முதலாளி கத்தவில்லை, கத்துகிற வழக்கம் அவருக்கு இல்லை. "இந்தப் போணி யாரோட யோசனைங்க?" என்று மட்டும் கேட்டார்.

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான் எழுதுனதுங்க சார்" என்றார்.

"சரி, எழுதுனீங்க. இப்ப இதை எப்படி நிறுத்தறதுன்னு சொல்லுங்க. போணியை எடுத்துப்போட்டா மத்ததெல்லாம் நிக்குமுங்களா?"

நிற்காது. கடைக்காரர்கள் ஏற்கெனவே நொடித்துவிட்டார்கள், அவர்களை மறுபடி எழுப்பினாலும் இன்னொரு ஓட்டை வழியாக இதே கூட்டம் வரும் என்று மேடம் உண்மையைச் சொன்னார். வருகிறவன் யார் என்று கடைக்காரருக்கு அடையாளம் தெரிய ஏதாவது ஒரு வழி வேண்டும், அது என்ன என்று யோசிக்க ஒரு வாரம் கொடுங்கள் என்றார். முதலாளி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்த வழி தெரியும். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதே தெரியும். ஈரோட்டில் நான் மூட்டை தூக்கிய கிடங்குக்கு எதிரே ஒரு கயிற்றுக் கடை இருந்தது. ஒருவன் தொடர்ந்து நான்கு நாள் கடை திறக்கும்போதே வந்து, போணி என்று சொல்லிக் குறைந்த விலைக்குக் கயிறு வாங்கிப் போனான். ஐந்தாம் நாள் கடைக்காரர் அவனைத் தெருமுனையில் பார்த்ததும் விளக்குமாற்றை எடுத்து, கூட்டிய கடையையே மறுபடி கூட்ட ஆரம்பித்தார். அவன் வந்து நின்றதும், "இன்னும் சாமி கும்பிடலீங்க, செத்த நேரம் கழிச்சு வாங்க" என்றார். ஊதுபத்தியைத் தேடினார். தீப்பெட்டியைத் தேடினார். படத்தைத் துடைத்தார். அவனும் அசையாமல் நின்றான். கடைசியில் ஆடு கட்ட நாலு முழம் கயிறு கேட்டு ஓர் அம்மா வந்தார். அவருக்குக் கயிற்றை அளந்து கொடுத்துக் காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிய பிறகு, கடைக்காரர் அவனைப் பார்த்துச் சிரித்த முகமாக, "இப்பச் சொல்லுங்க, உங்களுக்கு எவ்வளவு வேணும்?" என்றார், முழு விலைக்கு. நாங்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தோம். யாருக்கும் இல்லை என்று சொல்லாமலே, யாருக்குப் போணி கொடுப்பது என்று கடைக்காரர்தான் முடிவு செய்வார். எங்கள் கணினிக் கடைக்காரருக்கு அந்தச் சாமி கும்பிடுகிற நேரத்தை நாங்கள் கொடுக்கவில்லை. நான்கு நாள் வந்த முகத்தை ஞாபகம் வைத்துக்கொள், ஐந்தாம் நாளும் அதே முகம் வந்தால் விளக்குமாற்றை எடு என்று எழுதி வைத்தால் போதும். மேடத்துக்கு அது ஒரு நாள் வேலை.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், இவ்வளவு தெரிந்தவன் எதற்காகப் போணியை வைக்கச் சொன்னாய் என்ற கேள்வி வரும். எங்கள் அறையில் சான்றிதழ் இல்லாதவன் நான் ஒருவன். கால் அப்போதும் முழுதாக ஆறவில்லை, மூட்டைக்குத் திரும்பிப் போக முடியாது. இதையெல்லாம் அந்த அரை நிமிடத்தில் யோசித்தேன். அதற்கப்புறம் முதலாளி திரும்பி, பழைய விலைக்கே எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொன்னார். மேடத்தைத் தனியாக இருக்கச் சொன்னார். நாங்கள் எழுந்து வெளியே வந்தோம்.

மதியத்துக்குள் அவருடைய மேசை காலியாகிவிட்டது. கீழே பேக்கரி வரை நான் அவருடைய பெட்டியைத் தூக்கி வந்தேன், அவ்வளவு பாரம் தூக்க முடிந்தது. இரண்டு டீ சொன்னார். "எங்கயும் போயிராதீங்கண்ணா, உங்களுக்கு இந்த வேலை நல்லா வருது" என்றார். நான் டீயை ஊதிக்கொண்டிருந்தேன். சூலூர் பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

நான் பதினோரு மாதம் இருந்தேன். தினமும் அதே தலைப்பாகைக்காரரிடம் மஞ்சள் விற்றேன். அவர் தலையைச் சாய்த்து, நல்ல சரக்கு என்றார். விளையாட்டு சாகவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அடையாளம் தெரியாமல் தேய்ந்து, விளம்பரம் பார்த்தால் காசு என்று மாறி, இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் அதே கடைக்காரரிடம் விற்றுக்கொண்டிருக்கும்போது எழுந்து வந்தவன்தான், திரும்பிப் போகவில்லை. அதற்கப்புறம் இரண்டு ஊர், நான்கு வேலை. இப்போது பெருந்துறைத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லாரி எடை போடுகிறேன். வாயில் கதவுப் பொறுப்பும் என்னுடையதுதான்.

போன மாதம் அந்த வாயில் வழியாகவே மேடம் வந்தார். கம்பெனியின் சரக்கு இருப்பைக் கவனிக்கிற மென்பொருளைச் சரி செய்ய வந்திருந்தார். தலையில் நரை கொஞ்சம் ஓடியிருந்தது. என்னை அவர்தான் முதலில் அடையாளம் கண்டார். வேலை முடிந்ததும் எடை மேடைப் பக்கம் வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நான் கேன்டீனிலிருந்து டீ வாங்கி வந்தேன். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மழைக்கு வலிக்கும் என்றேன். அவருடைய வேலை எப்படி என்று கேட்டேன். "இங்க மூட்டை வரும், மூட்டை போகும். யாரும் யாரையும் திட்டறதில்லீங்க" என்று சிரித்தார்.

அப்புறம் தானாகவே ஆரம்பித்தார். "அந்தப் போணி தப்பே இல்லீங்கண்ணா. இப்ப ரெண்டு வருசத்துக்கு முந்தி, எங்க வீட்டுப் பக்கம் ஒரு பூக்கடையில பாத்தேன். தினமும் வர்ற ஒருத்தனப் பாத்ததும் அந்தம்மா பூவுக்குத் தண்ணி தெளிச்சுக்கிட்டே இருக்கறாங்க, விக்க மாட்டேங்கறாங்க. வேற யாரோ வந்து வாங்கின பொறவு அவனுக்குக் குடுக்கறாங்க. அங்கயே நின்னுட்டேன். இதுதானே வேணும்? மொகத்த ஞாபகம் வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் நேரத்தக் கடத்தோணும், அவ்வளவுதானே? ஒரு நாள் வேலைங்கண்ணா." கையில் இருந்த தம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். "சூலூர்ல பொறந்து வளர்ந்தவ நான். எனக்கு எப்படித் தோணாமப் போச்சுன்னு இன்னும் என்னையே திட்டிக்கறேன்."

ஒரு லாரி எடை மேடையில் ஏறி நின்றது. ஓட்டுநர் இறங்கிச் சீட்டுக்காகக் காத்திருந்தார். நான் அவருக்குச் சீட்டைக் கொடுத்து அனுப்பினேன். திரும்பி வந்தபோது மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அந்த ரூம்ல உங்களுக்காச்சும் தோணுச்சுங்களாண்ணா?"

"இல்லீங்க மேடம். எனக்கும் தோணலீங்க."

"ம்ம்" என்றார். "உங்களுக்கே தோணலைன்னா அப்பப் பரவால்லீங்க." முகம் லேசாகித்தான் இருந்தது. அது என் பொய்யால் வந்தது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயமும் அந்த முதலாளியின் அறையில் சொல்லிக்கொண்ட நியாயமும் ஒரே தறியில் நெய்ததுதான். அவரை அழைத்துப் போகக் கார் வந்து வெளியே ஒலி எழுப்பியது.

"வாரேனுங்கண்ணா."

"செரிங்க மேடம்."

கதவைத் திறக்க வேண்டியவன் நான்தான். போய்த் திறந்துவிட்டேன்.